ரேஷம் சாச்சியின் முதுகு

கேமராவைக் கண்டால் ரேஷம் சாச்சி நின்றுவிடுவார். நின்று, அதன் பக்கம் திரும்பி, துப்பட்டாவை நெற்றிக்கு மேல் இரண்டு விரல் தள்ளிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவர் மாதிரி நேராகப் பார்ப்பார். சிரிக்க மாட்டார். எடுக்கிறவர் எடுத்து முடிக்கும்வரை அசையவும் மாட்டார். கல்யாண வீடு, பள்ளிக்கூட வாசல், கடைத்தெரு, எங்கே என்றாலும் இதே கதைதான். பல வருடமாகப் பார்த்துவருகிறேன்.

ஒரு முறை மாநகராட்சி ஆள் ஒருவன் வந்து, எங்கள் தெரு முனையில் மூன்று கால் வைத்த கருவி ஒன்றை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பால் வாங்கி வந்த சாச்சி அதன் முன்னால் நின்றுவிட்டார். அவன் கையை ஆட்டி விலகச் சொன்னான். சாச்சி விலகவில்லை. கடைசியில் அவனே நடந்து வந்து, "அம்மா, நான் ரோட்டை அளந்துக்கிட்டு இருக்கேன்" என்றான்.

"அளந்துக்கப்பா. நானும் அதுல இருந்துட்டுப் போறேன். முகம் தெரியுதான்னு மட்டும் பாத்துக்க" என்றார் சாச்சி.

புதிதாகக் குடிவருகிறவர்கள், இந்த அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசையெல்லாம் இல்லை, முன்ஜாக்கிரதை. சாச்சியின் முதுகு ஒரு முறை பேப்பரில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது வருவதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ரேஷம் சாச்சி என் அப்பாவின் தம்பி மன்ஸப் சாச்சாவின் மனைவி. பாகிஸ்தான் பக்கத்து மீர்ப்பூரிலிருந்து இருபது வயதில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்கு வந்தவர். குட்டை, கொஞ்சம் அகலம். வாத்து மாதிரி பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. எந்தப் பிள்ளை பட்டாணியைச் சட்டைப் பையில் ஒளிக்கும், எது பக்கத்துத் தட்டில் தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வீட்டு முன்னறை ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் என் தையல் மெஷின் அங்கேதான் கிடக்கிறது. தைத்துக்கொண்டே தெருவைப் பார்ப்பது என் வழக்கம். பார்ப்பதற்கு எங்கள் தெருவில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

எதிர்வரிசையில், சற்று இறக்கத்தில், பதினாலாம் நம்பர் வீடு மேவிஸுடையது. மேவிஸ் இந்தத் தெருவிலேயே பிறந்தவர். கம்பளி ஆலையில் நூல் சுற்றியவர். ஆலை மூடி, புருஷன் இறந்து, மகள் ஜேனட் கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் ஸ்கார்பரோவுக்குப் போய்விட்ட பிறகும் அங்கேயே இருந்தார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. சாச்சிக்கு அவர் மொழி பாதிதான் தெரியும். மீதியைத் தட்டு பார்த்துக்கொண்டது.

தட்டு என்றால் ஒரு கண்ணாடிப் பாத்திரம். நீலப் பூப்போட்டது, அடுப்பில் வைக்கிற வகை. சாச்சிக்குப் பித்தப்பைக் கல் எடுத்த வருடம் மேவிஸ் அதில் ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார். எங்களில் யாரும் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். சாச்சி அதில் மஞ்சள் இனிப்புச் சோறு வைத்து அனுப்பினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேவிஸ் வீட்டிலும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. "காலித் தட்டோட போய் கதவைத் தட்டினா எங்கம்மா காதைத் திருகிடுவா" என்றார். ஆகவே சோறு தீர்ந்த தட்டில் பிளம் பழப் பாகு வந்தது. பாகு தீர்ந்த தட்டில் கொத்துக்கறி போனது. யாராவது ஒருவர் மரியாதை கெட்டவராக ஆனால்தான் தட்டு நிற்கும். இரண்டு பேருக்குமே அதில் விருப்பமில்லை. இருபத்தொரு வருடமாகத் தட்டு தெருவைக் கடந்துகொண்டே இருக்கிறது. அது முதலில் யாருடையது என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். "அவளோடது" என்று இருவருமே சொன்னார்கள்.

ஆரம்பத்தில் மேவிஸ் ஒரு தடவை பன்றிக்கொழுப்பு சேர்ந்த மாவில் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று செய்து அனுப்பிவிட்டார். சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி, ஏழு தடவை கழுவி, நிறைய பக்கோடா வைத்துத் திருப்பி அனுப்பினார். எப்படியோ விஷயம் தெரிந்து மேவிஸ் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவந்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் அந்தக் கண்ணாடியில் படிக்காமல் தட்டில் எதையும் போட்டதில்லை. பள்ளிவாசல் இமாமைவிட இந்த விஷயத்தில் மேவிஸ் கறார் என்பார் மன்ஸப் சாச்சா.

இனி முதுகுக்கு வருகிறேன்.

பதினாறு வருடம் முன்பு, மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. லண்டனில் யாரோ டிவியில் முஸ்லிம்களைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் தெரு முனையில் காலையிலிருந்து பேப்பர் கேமராக்காரர் ஒருவரின் கார் நின்றுகொண்டிருந்தது. யாராவது எங்காவது ஏதாவது சொன்னால் எங்கள் தெருவுக்குக் கார் வருவது வழக்கம். காரணம் வேறொன்றும் இல்லை. மேட்டில் நின்று பார்த்தால் பள்ளிவாசல் குவிமாடமும் பழைய ஆலையின் புகைபோக்கியும் ஒரே படத்தில் விழும். முன்னால் ஒரு பெண் நடந்துபோனால் போதும், படம் முடிந்தது. அன்றைக்கு மழை கொட்டியது. ஒரு பெண்ணும் வெளியே வரவில்லை. அந்தக் கேமராக்காரர் காருக்குள் சாண்ட்விச் தின்றபடி காத்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

மேவிஸுக்கு அந்த வாரம் நெஞ்சுச்சளி. சாச்சி ஆட்டெலும்பு சூப், நாங்கள் யக்னி என்போம், காய்ச்சித் தட்டில் ஊற்றி மூடி வைத்திருந்தார். குடையைக் காற்று முறித்துப் போட்டுவிட்டது. "சூப் ஆறிடும், அந்தக் குப்பைப் பையை எடு நாஹித்" என்றார் என்னிடம். நான்தான் எடுத்தேன். கறுப்புப் பை, பெரியது. ஒரு பக்கத் தையலைப் பிரித்து அவர் தலையில் மாட்டிவிட்டேன். கணுக்கால்வரை இறங்கியது. உள்ளே தட்டை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு மேவிஸ் வாங்கிக் கொடுத்த சிவப்பு வீட்டுச்செருப்போடு, சாச்சி தெருவைக் கடந்தார். இருபது அடி தூரம்தான்.

சனிக்கிழமை பேப்பரில் அரைப்பக்கத்துக்குப் படம். மழை, புகைபோக்கி, குவிமாடம், நடுவில் தலைமுதல் கால்வரை கறுப்பாக ஓர் உருவம். முகம் இல்லை. முகம் அந்தப் பக்கம் இருந்தது. தலைப்பு, 'நம் நடுவே ஒரு தனி உலகம்' என்கிற மாதிரி ஏதோ. டாக்ஸி அலுவலகத்திலிருந்து மன்ஸப் சாச்சா அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தார்.

"பாரு, ரொம்பக் கட்டுப்பெட்டியான குடும்பம்போல. மழையில கூட ஒரு குடை வாங்கிக் குடுக்கலை" என்றார்.

சாச்சி எட்டிப் பார்த்தார். "அவ புருஷன் உங்களை மாதிரி ஒரு ஆளா இருக்கும்."

"ஏன், உனக்குத் தெரிஞ்சவளா?"

"கொஞ்சம் தெரியும். முப்பது வருஷமா அவ புருஷனுக்குச் சோறு போடுறேன்."

சாச்சா பேப்பரை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். முதலில் செருப்பு தெரிந்தது. பிறகு பாதம் வைத்திருந்த விதம். முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவியைத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "படம் தெளிவா இல்லை" என்றார்.

அன்று மத்தியானம் சாச்சி தட்டை வாங்கிவர மேவிஸ் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேவிஸ் மடியில் அதே பேப்பர். மீதி சூப்பைக் குடித்துக்கொண்டே படித்துக் காட்டினார்.

"பாரு ரேஷ், பாவம் இந்தப் பொண்ணு. அக்கம்பக்கத்துல ஒருத்தரோடயும் பேச விடமாட்டாங்களாம். வெளியுலகமே தெரியாதாம். உன்ன மாதிரி எல்லாரும் இருப்பாங்களா, கண்ணு."

சாச்சி தன் காலைப் பார்த்தார். அதே சிவப்புச் செருப்பு. மெதுவாக இரண்டு பாதங்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "பாவம்தான்" என்றார். வரும் வழியில் நான் அவரைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "இருமிக்கிட்டே குடிக்கிறா. புரை ஏறிடும்" என்றார்.

அப்போது சொல்லாததால் பிறகும் சொல்ல முடியவில்லை. சில விஷயங்கள் அப்படித்தான். முதல் நாள் சொன்னால் சிரிப்பு, பத்தாம் நாள் சொன்னால் புகார்.

படம் மட்டும் ஓயவில்லை. எங்கோ ஒரு நாட்டில் முகத்திரைக்குச் சட்டம் போட்டார்கள், சாச்சியின் முதுகு வந்தது. பெண்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று ஒரு கட்டுரை, சாச்சியின் முதுகு. நோன்பும் சர்க்கரை நோயும், முதுகு. நாங்கள் அதிகம் பிள்ளை பெறுகிறோம் என்று ஒரு செய்தி வந்தபோது, தட்டு இருந்த இடம் பக்கவாட்டில் புடைத்துத் தெரிந்ததால் அதற்கும் அதே படம். சாச்சிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. "இந்த வயசுல எனக்கு யக்னிதான் பொறக்கும்" என்றார். இன்னொரு முறை பயங்கரவாதத்தைப் பற்றிய பக்கத்தில் வந்தது. உடைக்கு அடியில் எதை மறைத்து வைத்திருக்கிறார்களோ என்ற அர்த்தத்தில் படத்துக்குக் கீழே ஒரு வரி. நான் படித்துச் சொன்னேன். சாச்சி பேப்பரை வாங்கி மடித்தார். பிறகு, "ரெண்டு எலும்பு, இஞ்சி, பட்டை, மிளகு. எழுதிக்கச் சொல்லு" என்றார். அன்று சாயங்காலம் உப்பு போடாமல் சமைத்தார். அதற்குப் பிறகுதான் கேமராவைக் கண்டால் முகத்தைக் காட்டி நிற்கிற பழக்கம் வந்தது.

மேவிஸ் அந்தப் பேப்பரைத்தான் தினமும் வாங்குவார். குறுக்கெழுத்துக்காக. குறுக்கெழுத்து மூன்றாம் பக்கத்துக்கு எதிரே என்பதால் மூன்றாம் பக்கத்தையும் படித்துவிடுவார். எங்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருந்தாலும் நம்புவார். நம்பிவிட்டு, பயந்துபோய், ஆறுதலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். "நாடு எங்க போகுதோ ரேஷ், எல்லாம் அவங்க கையில போயிடும்போல" என்பார். சாச்சி டீ ஊற்றிக் கொடுப்பார். அந்த 'அவங்க'வில் சாச்சி இருப்பது மேவிஸுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மன்ஸப் சாச்சாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இராது. அவர் பார்க்கிற உருது சானலில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார்கள், வயதான தாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சாச்சா அதை அப்படியே நம்புவார். மேவிஸ் வீட்டுக் குழாய் ஒழுகினால் ஓடுவதும் அவர்தான்.

இப்படியே போயிருக்கும். நான்கு வருடம் முன்பு மேவிஸ் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் மெல்லிய முறிவு. எண்பது வயது. அதே மாதம் அந்தப் பேப்பரின் வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. வெள்ளைக்காரர்கள் நடக்கப் பயப்படும் பத்துத் தெருக்கள் என்று பட்டியல். நான்காவது எங்கள் தெரு. பெயரோடு. இரண்டு பக்கம் முழுக்க விரித்துப் போட்ட படம், சாச்சியின் முதுகு.

ஸ்கார்பரோவில் ஜேனட் அதைப் படித்துவிட்டு அழுதிருக்கிறாள். புதன்கிழமை மேவிஸ் சொன்னார். நான் சாச்சியோடு தட்டு வாங்கப் போயிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றா. அவ வீட்டுக்குப் பக்கத்துல ஃபிளாட் பாத்துட்டாளாம். ஜன்னல்ல கடல் தெரியுமாம். இந்த வீட்டை விக்கிறதுக்குத் தாளெல்லாம் கொண்டுவர்றா, நான் கையெழுத்துப் போடணும்."

"உனக்குக் கடல் பிடிக்குமா மேவிஸ்?"

"பிடிக்காது. ஒரே காத்து."

"பின்ன?"

"பேப்பர்லயே போட்டுட்டாங்களே, கண்ணு."

"நம்ம தெருவையா?"

"நம்ம தெருவா இருக்காது. இதே பேர்ல இன்னொண்ணு இருக்கும்போல. ஆனா பக்கத்துலதான் எங்கயோ இருக்கு."

"எங்க?"

"அதான் தெரியலை. அதான் பயமா இருக்கு."

இடுப்பில் முறிவு வருவதற்கு முந்தின நாள்வரை அந்தத் தெருவில்தான் நடந்துபோய் அந்தப் பேப்பரை வாங்கி வந்தவர் அவர். ஆனால் சிரிக்கத் தோன்றவில்லை. சாச்சி தட்டை எடுக்க மறந்து எழுந்து வந்துவிட்டார். அப்படி இதற்கு முன் நடந்ததில்லை.

வீட்டில் மன்ஸப் சாச்சா, "நான் சொன்னேன்ல. இவங்க எல்லாரும் இப்படித்தான். வயசானா அம்மாவைத் தூக்கிட்டுப் போய் எங்கயாவது விட்டுருவாங்க. நேத்துக்கூட டிவியில காட்டினான்" என்றார்.

"மேவிஸைக் காட்டினானா?"

"இல்ல, பொதுவா."

"பொதுவா இருக்கிறவங்களை எனக்குத் தெரியாது" என்று சாச்சி அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்டாணியை ஒளித்தார்கள், பார்த்தும் பார்க்காமல் விட்டாராம். மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் பேசினார்.

"என் முதுகைப் பாத்துத்தானே நாஹித் அவ ஓடுறா."

அந்தப் பையை மாட்டிவிட்டது நான். அதைச் சொன்னேன். "நீ மழைக்கு மாட்டின. நனையலையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாச்சி எலும்பு வேகவைத்தார். வேறொரு பாத்திரத்தில் ஊற்றினார், தட்டுதான் அங்கே இருந்ததே. மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியைக் கிளறி அந்தச் சிவப்புச் செருப்பை எடுத்தார். முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. நான் நாலு தையல் போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஜேனட்டின் கார் வந்து நின்றது.

"பெரிய குப்பைப் பை இருக்கா?" என்றார் சாச்சி.

"வெயிலடிக்குது சாச்சி."

"அடிக்கட்டும்."

மாட்டிவிட்டேன். மன்ஸப் சாச்சா வெளியே டாக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தார். "குப்பை எடுக்கிற நாள் செவ்வாய்க்கிழமை" என்றார். சாச்சி காதில் வாங்கவில்லை. பாத்திரத்தை அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பாத்திரத்தின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். மூடி இல்லாமல் அவர் போனது நல்லதாகப் போயிற்று, எனக்கும் போக ஒரு காரணம் கிடைத்தது.

ஜேனட் ஜன்னலில் நின்றிருந்தாள். சாச்சி நேராக வருவதைப் பார்த்தாள். கறுப்புப் பைக்குள் சாச்சியின் முகம், வேர்த்து வழிந்துகொண்டு. ஜேனட்டுக்கு எதுவும் விளங்கியதாகத் தெரியவில்லை. எப்படி விளங்கும், படத்தில் முகமே இல்லையே. மேவிஸ் வீட்டு வெளிக்கதவு பச்சை நிறம், பெயிண்ட் உரிந்தது. அதற்கு முன்னால் சாச்சி நின்றார். யோசித்தார். பிறகு திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் வேண்டுமென்றே முதுகைக் காட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

உள்ளே ஜேனட்டின் குரல் கேட்டது. "அம்மா, கதவைத் திறக்காதே. அந்தப் பொம்பளை. படத்துல இருக்கிற பொம்பளை."

"எந்தப் பொம்பளை? தள்ளு பாப்போம்." மேவிஸ் கைத்தடியை ஊன்றி ஜன்னலுக்கு வந்தார். "அது ரேஷ். இன்னிக்கு சூப் நாள். கதவைத் திற, ஆறிடும்."

"கறுப்பா மாட்டியிருக்காளே."

"ஆமா, ஏன் குப்பைப் பையை மாட்டியிருக்கே ரேஷ்?"

சாச்சி திரும்பவில்லை. "காலைப் பாரு மேவிஸ்" என்றார்.

மேவிஸ் பார்த்தார். "அந்தச் செருப்பு நான் வாங்கிக் குடுத்தது. இன்னுமா வச்சிருக்கே." வெகுநேரம் கழித்து, "ஜேனட், அந்தப் புஸ்தகத்தை எடு. என் கண்ணாடியும்" என்றது குரல்.

நாங்கள் உள்ளே போனபோது மேஜைமேல் வார இதழ் விரித்துக் கிடந்தது. வீட்டை விற்கிற தாள்கள் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. மேவிஸ் பாக்கெட் படிக்கிற பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்து இம்மி இம்மியாக நகர்த்தினார். செருப்பு. பாதம். பையின் ஓரத்தில் நான் பிரித்த தையல். இதுவரை பேப்பரில் வந்தபோதெல்லாம் படத்தின் இடதுபக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டிருந்தார்கள். இதில் முழுதாக இருந்தது. இடதுபக்கத்தில் பச்சைக் கதவு. அதில் பதினாலு. அதற்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலில், சால்வை போர்த்திக்கொண்டு, சூப்புக்குக் காத்திருக்கிற ஒரு வெளுத்த முகம்.

"இது நான்" என்றார் மேவிஸ்.

ஜேனட் குனிந்து பார்த்தாள். "ஆமாம்மா."

"என் கதவைப் போட்டு, என்னையும் போட்டு, நடக்கப் பயப்படுறாங்கன்னு எழுதியிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" மேவிஸுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வயித்துல என்னன்னு எழுதினானே ஒருத்தன், அது என் சூப்பு."

ஜேனட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாச்சி பையைக் கழற்றி மடித்து, "உனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தவா?" என்று அவளைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். வேண்டும் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. சாச்சி ஊற்றிவிட்டார்.

எல்லாரும் குடித்து முடித்தோம். பிறகு மேவிஸ்தான் கேட்டார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"அன்னிக்கு நான் உனக்கு இதைப் படிச்சுக் காட்டினேனே. நீ இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்தே."

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

"நீ இருமிக்கிட்டிருந்த."

"பன்னெண்டு வருஷமாவா இருமினேன்?"

சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேவிஸ் சிரிக்கவில்லை. கையை நீட்டி சாச்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாரோ பாவம்னு சொன்னேன்."

"பாவம்தான். அன்னிக்கு நல்ல மழை" என்றார் சாச்சி.

ஜேனட் அன்று தாள்களில் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் லேசில் விடவும் இல்லை. படி வழுக்குகிறதே, மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்றாள். அது நியாயமான பயம், அதை எந்தப் பேப்பரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மறுவாரம் மன்ஸப் சாச்சா அந்தப் படியில் இரும்புக் கைப்பிடி பொருத்தினார். சாச்சியின் போன் நம்பரை ஜேனட் எழுதிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த நம்பரைக் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லையே என்று சொல்லிவிட்டு முகம் சிவந்தாள்.

மேவிஸ் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று பக்கம். எலும்பு சூப்பின் செய்முறை உட்பட. ஆறு வாரம் கழித்து நாலு வரி பதில் வந்தது. அது பொதுப் படம், குறிப்பிட்ட யாரையும் குறிப்பதல்ல என்று. "என் கதவு எப்படிப் பொதுவாகும்?" என்று மேவிஸ் ஒரு வாரம் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். மன்ஸப் சாச்சா அந்தப் பொது என்ற சொல்லைக் கேட்டு ஏதோ சொல்ல வந்து, சாச்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது மேவிஸுக்கு எண்பத்துநாலு வயது. பதினாலாம் நம்பரில்தான் இருக்கிறார். அதே பேப்பரைத்தான் வாங்குகிறார், குறுக்கெழுத்து அதில்தான் நன்றாக இருக்கிறதாம். மூன்றாம் பக்கத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பதில்லை. எங்களைப் பற்றி எதையாவது படித்துப் பயந்தால், அது எந்தத் தெரு, யார் வீட்டுக் கதவு என்று முதலில் படத்தில் தேடுகிறார். கதவு கிடைக்காதபோது பழையபடி பயப்படுகிறார். ஜேனட் ஞாயிற்றுக்கிழமைகளில் சாச்சிக்கு போன் செய்கிறாள், அம்மாவைப் பற்றிக் கேட்கவும் சில நாள் சும்மாவும். சாச்சி பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கேமராவைக் கண்டால் இன்னும் அதன் பக்கம் திரும்பி நிற்கிறார். அந்த முகத்தை இதுவரை ஒருவரும் பேப்பரில் போடவில்லை. முதுகு போன மாதமும் வந்தது, சாச்சி ஒருநாளும் போகாத ஏதோ ஒரு நாட்டுத் தேர்தலைப் பற்றிய செய்தியில். இடதுபக்கம் வெட்டியிருந்தது.

தட்டு இப்போது மேவிஸ் வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்.